எட்டாவது கல்

கணக்கில் கெட்டிக்காரர் யாராவது இருந்தால் இந்தக் கதைக்கு முன்னால் வந்து உட்காருங்கள். எண்ணிப் பார்த்தபோது எட்டு சரியாக இருந்தது. வீடு திரும்பியது ஏழு பேர். எங்கே பிசகியது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், ஒளிக்க மாட்டேன். யார்மேல் பழி என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே சாரணியர் படையில் குயில் அணி என்று எட்டுப் பெண்கள். அணித் தலைவி முப்பிடாதி, பத்தாம் வகுப்பு. அவளுக்கு அடுத்த பொறுப்பில் ராபியத். கடைசியாக வந்து சேர்ந்தவள் பேராச்சி, எட்டாம் வகுப்பு. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. படையை நடத்தியவர் எஸ்தர் டீச்சர்.

அன்றைக்கு மலையடிவாரத்தில் தடம் தேடும் விளையாட்டு. தரையில் அம்புக்குறி கீறியிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டும், பெருக்கல் குறி இருந்தால் போகக்கூடாது. ஒவ்வொருத்தியாக இடைவெளி விட்டுக் கிளம்பி, குறிகளைப் பார்த்துப் பார்த்து ஓர் இலுப்பை மரத்தடிக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்கிறவள் மரத்தடியில் ஒரு கல் வைப்பாள். எட்டுக் கல் சேர்ந்ததும் தலைவி தரையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைப்பாள். 'வீட்டுக்குப் போயாயிற்று' என்று அதற்கு அர்த்தம்.

காலையிலேயே பேராச்சி, ஷூ கடிக்கிறது, செருப்போடு வரட்டுமா என்று டீச்சரிடம் கேட்டாள். கடையில் அந்த அளவுதான் இருந்தது. ஷூ இல்லையென்று சொன்னால் கூட்டிப்போக மாட்டார்களோ என்று பயந்து, அம்மாவிடம் சரியாக இருக்கிறது என்று சாதித்து வாங்கி வந்திருந்தாள் பாவம். டீச்சர் கோபக்காரி இல்லை. ஆனால் சீருடை என்றால் தலை முதல் கால் வரை சீருடை, ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். பேராச்சி ஷூவோடுதான் நடந்தாள். எல்லாருக்கும் முன்னால் கிளம்பியவள் எல்லாருக்கும் பின்னால் ஆனாள்.

ஏழாவதாக வந்தவள் ராபியத். திரும்பிப் பார்த்தபோது, கடைசித் திருப்பத்தில் புதர்களுக்கு அந்தப் பக்கம் பேராச்சியின் நீலச் சட்டை தெரிந்தது. நேரம் முடியப்போகிறது, ஒருத்தி பிந்தினாலும் அணிக்கு மதிப்பெண் போகும். சாரணியர் நாளுக்கு ஒரு நற்செயலாவது செய்ய வேண்டும் என்பார்கள், ராபியத் அன்றைக்கு இன்னும் ஒன்றும் செய்திருக்கவில்லை. தன் கல்லோடு பேராச்சிக்கும் சேர்த்து ஒரு கல் வைத்தாள். அதற்குள் டீச்சர் ரோட்டிலிருந்து, பஸ்ஸை நிறுத்த ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார். பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நினைத்து ராபியத் ஓடினாள்.

முப்பிடாதி மறுபக்கம் கொடியை இறக்கி மடித்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்தது. எல்லாரும் வந்தாச்சா என்று டீச்சர் சத்தம் கொடுத்தார். முப்பிடாதி குனிந்து பார்த்தாள், எட்டுக் கல் இருந்தது. "வந்தாச்சு டீச்சர்" என்றாள். வட்டம் போட்டாள், புள்ளி வைத்தாள், பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெண்கள் பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால். யாரும் யாரையும் தேடவில்லை.

பேராச்சியின் ஷூ இரண்டும் பிறகு இலுப்பை மரத்தடியில் கிடைத்தன. ஆக, வந்திருக்கிறாள். குறியைப் பார்த்திருக்கிறாள். கற்றுக்கொடுத்தபடியே அதைப் படித்து, எல்லாரும் போய்விட்டார்கள் என்று பதறி, எட்டிப் பிடிக்கலாமென்று, ரோட்டுக்குக் குறுக்குவழியாக இடையிலிருந்த ஓடையில் இறங்கியிருக்கிறாள். மலையிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. நாலு மணிக்கு ஆடு மேய்க்கிறவர்தான் அவளைக் கரையில் எடுத்துப் போட்டார்.

முப்பிடாதிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் எட்டுக் கல், திறந்தாலும் எட்டுக் கல். பதினாறாம் நாள் கழிந்ததும் டீச்சர், ராபியத், அவள் மூன்று பேரும் சீருடையிலேயே பேராச்சியின் வீட்டுக்குப் போனார்கள். பேராச்சியின் அம்மா செண்பகவல்லி பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாய் விரித்தாள். செருப்போடு வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை பிந்தியிருக்க மாட்டாள், பழி என்னுடையது என்று டீச்சர் தன் கழுத்திலிருந்த சாரணியர் ஸ்கார்ஃபைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். கல்லை வைத்தது நான் என்று ராபியத் அழுதுகொண்டே தன்னுடையதை வைத்தாள். முப்பிடாதிக்கு அழுகை வரவில்லை.

"பாக்காமலே வந்தாச்சுன்னு சொன்னது நான்" என்று அவளும் வைத்தாள்.

செண்பகவல்லி மூன்றையும் பார்த்தாள்.

"ஆளுக்குக் கொஞ்சம்னு பங்கு போட வந்தியளா? எனக்கு ஒரு பேரு வேணும் டீச்சர். இல்லன்னா அந்த ஷூவ வாங்கிக் கொடுத்தவ நாந்தானேன்னு ஆயிரும்."

கேட்டீர்களா? இப்போது உங்கள் முறை. அந்தத் தாய் எடுத்துக்கொள்ள வேண்டியது யாருடைய ஸ்கார்ஃபை?

விடை: முப்பிடாதியுடையதை. டீச்சரின் விதி பிள்ளையின் காலைக் கடித்தது, ஓடைக்கு அனுப்பவில்லை. ராபியத் வைத்தது பொய்க் கல்தான். அவள் பெயரைச் சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் தலைவி என்று ஒருத்தியை வைப்பதே கல்லை எண்ணுவதோடு நிற்காமல் முகத்தைப் பார்ப்பதற்குத்தான். செண்பகவல்லியும் அவளுடையதைத்தான் எடுத்தாள். திட்டவில்லை. பிள்ளையைக் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று மட்டும் கேட்டாள். பாதி வழியில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நீங்க போங்கக்கா, பின்னாலயே வாரேன் என்று சிரித்தாள் என்றாள் முப்பிடாதி. "சிரிச்சாளா?" என்று கேட்டாள் தாய். ஆமாம், சிரித்தாள். அதை மட்டும் மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.