பத்தொன்பது இஞ்சு சக்கரம்

கலியாணமான புதிதில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வசந்தாமணி போட்ட சத்தம் சென்னியப்பனின் காதில் இன்னும் இருக்கிறது. வாய்க்கால் கரைப் பாதையில் அப்போது தார் கிடையாது, கப்பிக்கல்தான். அந்த இடம் வந்ததும் அவள் "ஆ" என்று ஒரே மூச்சாகக் குரலை இழுப்பாள். வண்டி குதிக்கக் குதிக்க அந்த "ஆ" நொறுங்கி, சிதறி, ஆட்டுக்குட்டி கத்துவதுபோல வரும். கடைசியில் சிரிப்பாக முடியும்.

இப்போது அவள் சத்தமே போடுவதில்லை. புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிய பிறகு, கோபியிலிருந்து கோவை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே கிடப்பாள். சென்னியப்பன் முன்சீட்டில் இருந்து, பள்ளம் வரும் முன்பே டிரைவரை எச்சரித்துக்கொண்டே வருவார். எப்படிப் போனாலும் ஏதாவது ஒன்று தப்பிவிடும். கண்ணாடியில் அவளுடைய உதடுகள் உள்ளே மடிந்து மறைவதைப் பார்ப்பார். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

நல்ல விலையுயர்ந்த செடான் கார் அது. அவருடைய அரிசி ஆலை ஒன்று இரண்டாகப் பெருகிய வருஷம் ஆசையாக வாங்கியது. சக்கரம் பத்தொன்பது இஞ்சு. பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் சக்கரம் பெரிதானால் டயர் மெலிதாகிவிடும். சாலைக்கும் அவள் முதுகுக்கும் நடுவே இரண்டு விரல் ரப்பர்தான் இருக்கிறது என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பித்து.

அன்னூருக்கு முன்னால், சாலையை விட்டு உள்ளே தள்ளி, குரு இருந்தார். தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் ஆசிரமம். சென்னியப்பனைவிட அவருக்கு இருபது வயது குறைவு. பல வருஷப் பழக்கம். ஆலையில் தீப்பிடித்தபோதும், தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போனபோதும் சென்னியப்பன் இங்கேதான் வந்து உட்கார்ந்தார்.

பித்துப் பிடித்து இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒருநாள் காரை உள்ளே விடச் சொன்னார். டிரைவர் நாட்ராயன் டிக்கியைத் திறந்து, டயர் மாட்டிய சக்கரம் இரண்டை இறக்கி, உருட்டிக்கொண்டு வந்து கூரையின் கீழ் படுக்கப் போட்டான்.

"என்ன இது, புதுசா கடை வைக்கப் போறீங்களா?" என்றார் குரு.

"அமுக்கிப் பாருங்க சாமி. இது பதினேழு. அது பதினெட்டு."

குரு அமுக்கிப் பார்க்கவில்லை. பதினேழின் மேல் உட்கார்ந்துகொண்டார். "நல்லா மெத்துனு இருக்குது" என்றார்.

"அதுதான் சாமி! சக்கரம் சிறுத்தா ரப்பர் தடிக்கும். ரப்பர் தடிச்சா அடி குறையும். மொத்த உயரம் மாறாது. கடைக்காரன் சிரிக்கிறான். எல்லாரும் இருபது வேணும், இருபத்தொண்ணு வேணும்னு வருவாங்க, நீங்க ஒருத்தர்தான் சின்னது கேக்கறீங்கங்கறான்."

"அப்ப பதினேழை மாட்டிட வேண்டியதுதானே?"

"மாட்டிப் பாத்தமுங்க. சுத்தினா உள்ளே பிரேக்குல உரசுது."

"பிரேக் எதுக்கு அவ்வளவு பெருசு?"

"வேகமாப் போற வண்டிங்க. நிறுத்தணுமே."

"வேகமாவா போறீங்க?"

"எங்க சாமி போறது? மாட்டுவண்டிக்காரன் கை காட்டிட்டு எங்களைத் தாண்டிப் போறான்" என்று நாட்ராயன் சிரித்தான். சென்னியப்பன் திரும்பிப் பார்த்ததும் காரைத் துடைக்கப் போய்விட்டான்.

"பதினெட்டு சரியா உக்காருது சாமி. ஆனா பெரிசா வித்தியாசம் தெரியாதுங்கறான். பதினேழுதான் வேணும்னா பிரேக்கையே கழட்டிச் சின்னதாப் போடணும். இந்தக் கனத்துக்கு அது பிடிக்குமான்னு பயம். பிடிக்காமப் போயி, அவளை வெச்சுட்டு எங்காவது..." அவர் நிறுத்திக்கொண்டார். "ரெண்டு மாசமா இதே யோசனைதான். எனக்கு ஒண்ணும் ஓடலீங்க. எதுன்னு நீங்க சொல்லிடுங்க."

குரு டயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போன தடவை டாக்டர் என்ன சொன்னாரு?"

சென்னியப்பன் கார் இருந்த பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இனிமேல் கூட்டிட்டு வர வேண்டாம்னாரு. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையாம். வலி தெரியாம இருக்க மருந்து வீட்டுலயே குடுத்துக்கலாம், நர்ஸ் வந்து போவாங்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீலை மாத்திட்டுக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்."

வேப்பம்பழம் ஒன்று தகரத்தில் விழுந்து உருண்டது. குரு எழுந்து காரை நோக்கி நடந்தார். சென்னியப்பன் பின்னாலேயே போனார்.

ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குரு சைகை காட்ட, நாட்ராயன் அதை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினான். வண்டியின் நடுக்கம் நின்றது. வேப்பமரத்துக் காற்று உள்ளே போனது.

வசந்தாமணி கண்ணைத் திறந்தாள். முகம் சுருங்கி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

"வாங்க சாமி. எந்திரிக்க முடியாது, கோவிச்சுக்காதீங்க."

"இருங்கம்மா."

"நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க. ராவும் பகலும் போன்ல சக்கரமாப் பாக்கறாரு. இது நெறம் கம்மி, அது எடை ஜாஸ்தின்னு. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக் கூட இப்படிப் பாக்கலீங்க. பஜ்ஜியைத்தான் பாத்தாரு."

"பஜ்ஜி நல்லா இருந்துதா?" என்று குரு சென்னியப்பனைக் கேட்டார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார் சென்னியப்பன்.

"பாத்தீங்களா, முப்பத்தஞ்சு வருஷமாச்சு, இன்னும் குத்தம் சொல்லுவாரு." சிரிக்கப் போனவள் வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். மூவரும் காத்திருந்தார்கள்.

"இவ்வளவு வலியோட எங்கம்மா போறீங்க?" என்றார் குரு.

"நானா? நான் எங்கயும் போகலீங்க சாமி. இவருக்குத் துணைக்குப் போறேன்."

சென்னியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுதுங்க. கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துது. இவரால அதைச் சொல்ல முடியல. இன்னிக்கும் தண்ணி பாட்டில், தலகாணி, எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு வாசல்ல வந்து நின்னாரு. வரலைன்னு எப்படிச் சொல்றது? இவரு தனியா என்னங்க பண்ணுவாரு?"

சென்னியப்பன் குனிந்து அவள் தலையணையைச் சரிசெய்தார்.

"சித்த நேரம் இப்படியே நிக்கட்டுங்களா?" என்றாள் அவள். "வண்டி நிக்கிறப்ப அவ்வளவா தெரியறதில்லீங்க."

குரு தலையசைத்தார். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். விரல்கள் போர்வையைப் பிடித்திருந்தன. மெல்ல மெல்ல அவை தளர்ந்தன. வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டாள்.

நாட்ராயன் மரத்தடியில் போய்க் குந்திக்கொண்டான். காரின் கூரையில் நிழல் அசைந்து அசைந்து நகர்ந்தது. சென்னியப்பன் நின்றே இருந்தார். கடைசியாக அவள் இப்படித் தூங்கி எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். நினைவு வரவில்லை. பிறகு பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே அவருக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"சாமி, டாக்டர் ரூம்ல இருந்து எந்திரிச்சிடுவாரு."

குரு காரின் மேல் விழுந்த வேப்பிலை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இன்னிக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடறோம். அடுத்த வாரத்துக்குள்ள மாத்திடறேன். பதினெட்டே போட்டுடலாங்களா? கொஞ்சம் குறைஞ்சாலும் குறைஞ்சதுதானே. இல்லை, துணிஞ்சு பிரேக்கைக் கழட்டிடறதா?" அவர் குருவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சாமி. எந்த சைஸ்னு மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கலை."

"இப்ப என்ன மாட்டியிருக்குது?"

"பத்தொன்பது."

குரு பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். நிழலில் அசையாமல் நின்றிருந்த காரின் சக்கரங்களைப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குது" என்றார்.

அவள் விழித்ததும் சென்னியப்பன் வண்டியைக் கோபிக்குத் திருப்பச் சொன்னார்.

வசந்தாமணி ஆடி பிறப்பதற்கு முன்னால் கோபியில், தன் வீட்டுக் கட்டிலில் இறந்தாள்.