முள்ளம்பன்றி மறுபடி எழுதிய ஓலை

ஆற்றை ஒட்டிய காடு ஒன்றில், மருதமரப் பொந்தில் ஒரு முள்ளம்பன்றி மருந்துக்கடை வைத்திருந்தது. யாருக்கு என்ன நோய், எந்த வேர் கேட்கும், எது ஆகவே ஆகாது என்று எல்லாவற்றையும் தன் முள்ளாலேயே ஓலையில் கீறி வைக்கும். காட்டில் பாதிப் பேரின் உயிர் அந்த ஓலைக்கட்டில்தான் இருந்தது.

ஒரு நாள் கரடியின் ஓலையைக் கறையான் தின்றுவிட்டது. ஞாபகத்தை நம்பிக் கொடுத்த வேர் தப்பாகப் போய், கரடியின் முகம் பூசணிக்காயாக வீங்கியது. பெரிய உடம்பு, பிழைத்துக்கொண்டது. சின்ன உயிராக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

பதறிப்போன முள்ளம்பன்றி அத்தனை ஓலைகளையும் மறுபடி ஒரு பிரதி எழுதியது. முதுகில் பாதி முள் தேய்ந்தது. எழுதிய கட்டைப் பத்திரமாக அதே மரத்தின் மேல்பொந்தில் வைத்தது!

"ஏன் அக்கா, மரம் விழுந்தால் மேல்பொந்து மட்டும் அந்தரத்தில் நிற்குமா?" என்று குரங்கு சிரித்தது. "என்னிடம் கொடுங்கள். பக்கத்து மரம்தான். கூப்பிட்ட குரலுக்குக் கொண்டுவருவேன்."

"ஓலை எதற்கு அக்கா? ஒரு தடவை படித்துக் காட்டுங்கள், என் நாக்கிலேயே நிற்கும்" என்றது கிளி.

வாரம் ஒருமுறை உவர்மண் நக்க மலையிலிருந்து இறங்கிவரும் வரையாடு மெல்ல வாய் திறந்தது. "எங்கள் குகை காய்ந்த இடம். வைக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவேன்."

"நோய் உன் வசதி பார்த்தா வரும்?" என்றது குரங்கு.

"வாய்ச்சவடால் போதும்" என்றது முள்ளம்பன்றி. "குரங்குக்கும் வரையாட்டுக்கும் யானையின் ஓலையில் ஒவ்வொரு பிரதி தருகிறேன், கிளிக்குப் படித்துக் காட்டுகிறேன். அடுத்த வாரம் திருப்பிக் கேட்பேன். வாங்கிப் போவது யாராலும் ஆகும். கொண்டுவந்து காட்டுங்கள், பார்க்கலாம்."

அடுத்த வாரம் வந்தது. "யானைக்கு எது ஆகாது?"

"கரும்பு!" என்று கிளி கணீரென்று சொன்னது.

"அடப்பாவி, என் வாயில் மண்ணைப் போடாதே!" என்று பின்னால் நின்ற யானை பிளிறியது.

குரங்கு கண்ணிமைப்பதற்குள் ஓலையைக் கொண்டுவந்தது. வரையாடு கொம்பில் கட்டிக்கொண்டு வந்த ஓலையிலும் ஓர் எழுத்துகூட அழியவில்லை. இரண்டிலும் கரும்பின் பேரே இல்லை.

"குரங்கே, அவசரத்துக்கு ஒரு கட்டு உன்னிடம் இருக்கட்டும். ஆனால் உன் மரமும் என் மரமும் ஒரே கரை. ஆறு பொங்கினால் இரண்டையும் ஒரே வாயில் விழுங்கும். அதனால் மலைக்கும் ஒரு கட்டு போகும்."

"இந்த ஆறா? நான் பிறந்ததிலிருந்து கணுக்கால் தண்ணீர்தானே!"

"நீ பிறந்து எத்தனை மழைக்காலம் ஆயிற்று?"

"இரண்டு."

"அப்படியானால் வாயை மூடு."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் புது ஓலைகள் மலையேறின.

ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறு கரையை உடைத்தது. மருதமரம் சாய்ந்தது, குரங்கின் மரமும் அடுத்த நொடியே போயிற்று. வேர்ப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு முள்ளம்பன்றி மற்ற விலங்குகளோடு மலைக்கு ஓடியது.

அங்கே ஒரு மான்குட்டி காய்ச்சலில் துவண்டு கிடந்தது.

"போன மாதம் கொடுத்த மருந்தைக் கொடுங்கள் அக்கா!" என்று தாய்மான் அழுதது. "ஒரு வேர் என் பிள்ளைக்கு விஷம் என்றீர்களே, அது எது?"

முள்ளம்பன்றி இரண்டு வேர்களைக் கையில் எடுத்தது. எதுவென்று நினைவில்லை. இந்த முறை அது நினைவை நம்பவில்லை. வரையாட்டின் பின்னால் குகைக்கு ஓடியது. உலர்ந்த கட்டில் ஓலை இருந்தது. எழுத்துத் தெளிவாக இருந்தது.

சரியான வேர் உள்ளே போனது. மாலைக்குள் காய்ச்சல் இறங்கி, குட்டி எழுந்து புல் கேட்டது.

மலைக்கு வந்து சேராதவை, வரையாடு கடைசியாக வந்துபோன பின் எழுதிய நாலு நாள் ஓலைகள் மட்டுமே. முள்ளம்பன்றி குகை வாசலில் உட்கார்ந்து, "இந்த நாலு நாளில் மருந்து வாங்கியவர்கள் வரிசையாக வாருங்கள்! மறுபடி எழுதிக்கொள்கிறேன்" என்று குரல் கொடுத்தது. கடை திறந்தாயிற்று.

நீதி: காப்புக்கு வைப்பதை, ஒரே ஆபத்து இரண்டையும் எட்டாத தொலைவில் வை, வைத்தது திரும்பி வருமா என்று ஆபத்து வரும் முன்பே கேட்டுப் பார்.