கைப்பிடியும் பதக்கமும்

ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் இரண்டு பேர் அமரும் போர் விமானம் ஒன்று இருந்தது. முன்னால் இருப்பவர் ஓட்டுவார். பின்னால் இருப்பவர் தூரம், எரிபொருள், எதிரி இருக்கும் திசை எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வார். பின் இருக்கை தூத்துக்குடிக்காரர் மச்சாடோவுடையது.

அவருடைய முழங்கால்களுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாக ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் இரண்டு இருக்கைகளும் வெளியே தூக்கி எறியப்பட்டு, பாராசூட் விரியும். விமானம் கடலுக்குள் போய்விடும்.

"ஓட்டுற வேலை உங்ககிட்ட இல்லை. உங்க கையில இருக்கிறது நான் மட்டும்தான்" என்று கைப்பிடி பெருமை பேசும்.

"அதனாலதான் உன்னை யோசிச்சுத் தொடணும்" என்பார் மச்சாடோ.

ஒரு மத்தியானம், கப்பலுக்குத் திரும்பும்போது ஒரு பெரிய கடற்பறவை முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. விமானி கதிரேசனின் முகமெல்லாம் ரத்தம். தலை முன்பக்கம் தொங்கிவிட்டது.

"இழுங்க!" என்று கத்தியது கைப்பிடி.

"இழுத்துடுடா, எனக்குக் கண்ணே தெரியல" என்றார் கதிரேசன்.

மச்சாடோவின் கை கைப்பிடிவரை போய் நின்றது. "தலையை நிமிர்த்த முடியுதா?"

"முடியலடா."

"இப்படியே இழுத்தா உன் கழுத்து முறிஞ்சிடும். நான் சொல்றபடி கையை மட்டும் அசை. கொஞ்சம் இடது... போதும். மூக்கைத் தூக்கு."

கப்பல் தளத்தில் விமானங்களை இழுத்து நிறுத்தும் கம்பி முதல் முறை விமானத்தின் வால் கொக்கியில் சிக்கவில்லை. சக்கரம் தளத்தைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே எழும்பியது. மச்சாடோ அதே நிதானத்தோடு மறுபடி வழி சொன்னார். இரண்டாம் முறை கம்பி பிடித்துக்கொண்டது.

கதிரேசன் பிழைத்தார். மச்சாடோவுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. அது வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு போர் விமானத்தையே காப்பாத்திக் கொடுத்தவரோட பதக்கம் நான்!" என்று பக்கத்திலிருந்த கோப்பைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டது.

சில ஆண்டுகள் போயின. அதே விமானத்தில் மச்சாடோ இர்ஃபான் என்ற இளம் விமானியோடு பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் தீப்பிடித்தது.

"கப்பலுக்குக் கொண்டுபோயிடலாம் சார்! நீங்க அன்னைக்குக் கொண்டுவரலையா?" என்றான் இர்ஃபான்.

"தலையைப் பின்னால சாய்ச்சு நிமிர்ந்து உட்காரு" என்றார் மச்சாடோ. அவன் நிமிர்ந்ததுதான் தாமதம், இழுத்துவிட்டார்.

"யோசிக்கவே இல்லையே!" என்று கைப்பிடியே திகைத்துப்போயிற்று.

இருவரையும் ஹெலிகாப்டர் கடலிலிருந்து தூக்கியது. விமானம் மூழ்கிப்போனது. மச்சாடோவுக்கு வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். "என் மானமே போச்சு" என்று அலமாரியில் பதக்கம் முகம் திருப்பிக்கொண்டது.

கையில் கட்டோடு இர்ஃபான் மச்சாடோவின் வீட்டுக்கு வந்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான். "அன்னைக்கு விமானத்தை விடாம காப்பாத்தினீங்களே சார். இந்தத் தடவை ஏன் விட்டுட்டீங்க?"

மச்சாடோ சிரித்தார்.

"அன்னைக்கும் நான் விமானத்தை நினைக்கலப்பா. முன்னால கதிரேசன் இருந்தான். இந்தத் தடவை நீ இருந்த."

தன்னை எதற்காகக் கொடுத்தார்கள் என்று பதக்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.