ஒரு நூல்கூட ஆடக் கூடாது

“பைக் செயின் ஒரு நூல்கூட ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா ஒம் மக காதுகுத்துக்கு லீவு கிடையாது” என்றார் காண்ட்ராக்டர் தில்லைநாதன்.

டிரைவர் மூக்கையா அவர் வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தை இரு பக்கமும் ஒரே கோட்டில் நிறுத்தி, செயினில் ஓர் அங்குலம் தொய்வு விட்டு நட்டை முடுக்கினான்.

காண்ட்ராக்டர் செயினைத் தூக்கிப் பார்த்தார். ஆடியது. “லூசாய்யா நீ?”

“டைட்டா வச்சிரலாம் மொதலாளி. மொதல்ல நீங்க பெல்ட்டை அதே மாதிரி இறுக்கிட்டு வண்டியில உட்காந்து காட்டுங்க, பாப்போம்.”

விடுவாரா? தொந்தியை எக்கிக் கடைசி ஓட்டையில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பக்கிள் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. பேன்ட் பட்டனும் கூடவே போனது.

“நிக்கிறப்ப பெல்ட்டு சரியாத்தான் இருந்துச்சு மொதலாளி. ஆள் உட்காந்தா செயினும் இப்படித்தான் இழுபடும். அதுக்குத்தான் இடம் விட்டேன்.”

வண்டியை விட்டு இறங்க வழியில்லாமல் அவர் தெருவைப் பார்த்தார். “நாலு நாள் லீவு எடுத்துக்கய்யா. மொதல்ல உள்ள போயி ஒரு லுங்கி எடுத்துட்டு வா.”