கைதி கழற்றிப் போட்ட சட்டை

கடலுக்கு நடுவே நண்டுத்தீவு என்று ஒரு நாடு. நாடு சின்னதுதான், வீறாப்பு பெரிசு. அதன் முப்படையும் சேர்ந்து நாலே பேர், தளபதி கித்தேரியானையும் சேர்த்துத்தான். நால்வரும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் படையில் சேர்ந்த அன்று, வீட்டில் கற்றதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் நாட்டுத் தலைவர் கித்தேரியானைக் கூப்பிட்டு, எதிரியையே பார்க்காத படைக்கு எதற்குச் சோறு என்று கேட்டார்.

"நம்ம மண்ணை ஒரு சாண் எவன் எடுத்தாலும், அவனைப் பிடிச்சு என் முன்னால நிறுத்து. இல்லேன்னா வாளைக் கழட்டி வச்சுட்டு வலை பின்னப் போ."

கித்தேரியான் வாளை இறுகப் பிடித்துக்கொண்டார். வலை பின்னுவதையும் அவர் மறந்திருந்தார்.

உடனே கரையோரம் ஒரு கம்பை நட்டு நால்வரும் காவல் நின்றார்கள். உச்சிவேளைக்குள் கடல் ஏறிக் கம்பைத் தாண்டி வந்துவிட்டது. ஒரு சாண் இல்லை, நாலு முழம் மண் போயிருந்தது. வாளை உருவி அலையைக் குத்திப் பார்த்தார்கள். அது லட்சியமே செய்யவில்லை.

அங்கேயே, முழங்கால் தண்ணீரில், ஆலோசனைக் கூட்டம் நடந்தது. இத்தனை பெரிய படையை எப்படிப் பிடிப்பது என்று சிப்பாய் சூசை கவலைப்பட்டான். முன்னால் வருகிறவன்தான் தலைவனாக இருப்பான், அவனைப் பிடித்தால் போதும் என்றான் சிப்பாய் கொம்பையா. அப்படியே முதலில் வந்த அலையை ஓர் அகலச் சட்டியில் அரைச் சட்டி மொண்டு, சிறையில் அடைத்தார்கள். சிறைக்குக் கூரை கிடையாது. கைதி வந்த பிறகு வேய்ந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

விசாரணையில் கைதி வாயே திறக்கவில்லை. நல்ல வீரன் என்று கித்தேரியான் மனதுக்குள் மெச்சிக்கொண்டு, வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

வெயிலோ மண்டையைப் பிளந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் சட்டியில் ஆளில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததைக் கொம்பையா சுரண்டி நாக்கில் வைத்தான்.

"ஐயா, இது அவன் சட்டை. கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டான்."

"அப்போ ரொம்பத் தூரம் போகமாட்டான்," என்றார் கித்தேரியான். "வெட்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

சட்டையை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பத்திரப்படுத்திவிட்டுத் தீவு முழுக்கத் தேடினார்கள். சட்டையில்லாமல் யாராவது போனார்களா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஊரில் பாதிப்பேர் சட்டையில்லாமல்தான் திரிந்தார்கள். பலனில்லை.

கைதியைப் பார்க்கத் தலைவர் வருகிற நாளும் வந்தது. கித்தேரியான் வாளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. சிறையைத் திறந்தால் சட்டி நிறைய ஆள்.

சூசை விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "உப்பே இல்லையே ஐயா. இது வேற எவனோ."

"சட்டையில்லாமப் போனவன் சட்டையில்லாமத்தானே வருவான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கித்தேரியான்.

தலைவர் வந்தார். இவன்தான் அவன் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். கித்தேரியான் சிரட்டையிலிருந்த சட்டையைக் கைதிமேல் போட்டு, நன்றாகக் கலக்கி, ஒரு கரண்டி நீட்டினார். தலைவர் ருசித்தார், யோசித்தார், மறுபடி ருசித்தார்.

"ஆள் இவனேதான். ஆனா சட்டை பத்தலையே. உடம்பு பெருத்துட்டான்."

கித்தேரியான் வாளை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்று முதல் கைதிக்கு அரைவயிற்றுக் கஞ்சிதான்.