அடுப்பைத் தூக்கிக்கொண்டு போன ஊர்

பூசணிக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. முட்டாள் யோசிக்காமல் செய்வான். இவர்கள் ஊரே கூடி, வெற்றிலை போட்டு, மூன்று பக்கமும் யோசித்துவிட்டுத்தான் எதையும் செய்வார்கள். நாலாவதாக ஒரு பக்கம் இருப்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அது அவர்கள் தப்பா?

அந்த ஊருக்கும் பக்கத்து வல்லக்குறிச்சிக்கும் நடுவே முள்ளிக்காடு என்று ஒரு புறம்போக்கு கிடந்தது. சூரையும் காரையும் மண்டிய புதர்க்காடு. உள்ளே முயல்கள் ஏராளம். முயல் வேட்டைக்குக் குறுக்கே சட்டம் வராத காலம் அது. காடு சர்க்காருடையது. அதாவது யாருடையதும் இல்லை. அதனால் இரண்டு ஊருமே அது தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தன.

மாசித் திருவிழாவன்று காலையில் இரண்டு ஊரும் வேட்டைக்கு இறங்கும். எந்த ஊர்க்காரன் முதல் முயலைக் கொண்டுவந்து கருப்பர் கோயில் வாசலில் போடுகிறானோ, அந்த ஊர்த் தலைவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். பார்த்தால் ஒரு முழத் துணிதான். அதைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் சுகம் கட்டியவனுக்குத்தான் தெரியும்.

ஊர்த் தலைவரை அந்தப் பக்கம் அம்பலம் என்பார்கள். பூசணிக்குளத்து அம்பலம் மாயழகுவின் தலை இரண்டு வருஷமாக வெறும் தலை. மூன்றாவது வருஷமும் தோற்றால் பரிவட்டம் வல்லக்குறிச்சிக்கே நிரந்தரம் என்பது கோயில் வழக்கம். மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துத் துண்டைத் தலையில் கட்டிக் கண்ணாடி பார்த்துக்கொள்வார். மனைவி வெள்ளையம்மா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவாள். பாவம், அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

போன வருஷம் தோற்றதற்கு ஆள் பற்றாக்குறை காரணமில்லை. கட்டுப்பாடுதான் காரணம். "முயலைக் கண்டா கத்தக் கூடாது. மெதுவா வந்து எங்கிட்ட சொல்லணும்" என்று அம்பலம் உத்தரவு போட்டிருந்தார். முயலைக் கண்டவன் ஒவ்வொருவனும் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மெதுவாக நடந்து வந்து, அவர் காதில் சொன்னான். ஒருவனுடைய காலடியிலேயே முயல் படுத்திருந்ததாம்.

"அடிச்சியாடா?"

"அடிக்கச் சொல்லலீங்களே அம்பலம்."

இந்தத் தோல்வியை ஒச்சப்பன் நன்றாக ஆராய்ந்தார். ஒச்சப்பன்தான் ஊரின் மூளை. ஒருமுறை மதுரைக்குப் போய்விட்டு வழி தவறாமல் திரும்பி வந்ததால் அந்தப் பதவி கிடைத்தது.

"நம்ம மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். "வெளியூர்க்காரன் நம்ம காட்டுல வந்து வேட்டையாடுறான் பாருங்க, அங்கதான் இருக்கு குத்தம்."

நல்ல வேளையாக அந்த வாரம் தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் அந்த வழியாகப் போனார். ஊரே ஜீப்பை மறித்தது. அதிகாரிக்கு நல்ல பசி.

"உள்ளூர்க்காரன் முதல்ல, வெளியாளு அப்பறம். இதுல என்னய்யா சந்தேகம்?" என்றார்.

"உள்ளூர்க்காரன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிக்கிறது?"

"எந்த இடத்துல ஒருத்தன் அடுப்பு எரியுதோ அந்த இடத்துக்காரன் அவன். அடுப்பு இல்லாதவன் வெளியாளு. அவ்வளவுதான். வழியை விடுங்க."

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"முள்ளிக்காட்டுல வல்லக்குறிச்சிக்காரனுக்கு அடுப்பு இருக்கா?" என்று ஒச்சப்பன் கேட்டார்.

"இல்ல!" என்றது ஊர், சந்தோஷமாக.

"நமக்கு இருக்கா?"

ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு அடுப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார்கள். எப்படி யோசித்தாலும் அது வீட்டில்தான் இருந்தது.

"அப்ப நாமளும் வெளியாளுகதானா?" என்றார் அம்பலம். "எங்கப்பன் காலத்துலேருந்து அந்தக் காட்டுல வெளியாளாவா போயி வேட்டையாடிருக்கோம்?"

"ஆமா அம்பலம். களவாணிப் பயலுக மாதிரி."

அன்று பூசணிக்குளத்தில் பல பேர் வெட்கத்தால் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருவர் மட்டும் சுவரில் காயவைத்திருந்த முயல் தோலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் வைத்து, கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் ஒச்சப்பன் வழி சொன்னார். அடுப்பைக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் நாமே காட்டுக்காரர்கள்.

"அதுக்கு ஒரு அடுப்பை மட்டும் அங்க கொண்டுபோயி வச்சாப் பத்தாதா?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"ஒரு அடுப்புக்கு ஒரு குடும்பம்தான் உள்ளூரு ஆகும், தாயி. மத்தவன் கதி?"

"சரி, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வச்சுக்கிருவோம்."

"ரெண்டு இடத்துல அடுப்பு வச்சிருக்கிற ஆம்பளையை ஊரு என்ன சொல்லும்னு உனக்குத் தெரியாதா?"

வெள்ளையம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அடுப்பைப் பெயர்க்கப் போனாள்.

மண் அடுப்புகளைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். உடையாமல் வந்தவற்றைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உடைந்தவற்றை வாய்க்கரிசி போடாத குறையாக அள்ளிச் சாக்கில் கட்டினார்கள். பழைய இடத்தில் ஒரு துளி சாம்பல்கூட இருக்கக் கூடாது என்று பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். கோழி, ஆடு, நாய், மாமியார், மருமகள், அவர்களுடைய சண்டை எல்லாம் சேர்ந்து முள்ளிக்காட்டுக்குக் குடிபோயின.

அடுப்பு வைக்க இடம் வேண்டுமே! புதரை வெட்டினார்கள். வெட்டின புதர் வீணாகக் கூடாதே! அதையே எரித்துச் சோறு பொங்கினார்கள். சோறு வேக மறுபடி விறகு தேவைப்பட்டது, மறுபடி புதரை வெட்டினார்கள். திருவிழா நெருங்குவதற்குள் முள்ளிக்காட்டில் முள்ளும் இல்லை, காடும் இல்லை. அடுப்பு மட்டும் அமோகமாக எரிந்தது.

முயல்கள் கூட்டம் எதுவும் போடவில்லை. யோசிக்காமல் கிளம்பிவிட்டன. பக்கத்திலேயே ஓர் ஊர் காலியாகக் கிடந்தது. நாய் இல்லை, ஆள் இல்லை, கொல்லைக்குக் கொல்லை கீரைப்பாத்தியும் கடலைச் செடியும்தான். முயலுக்கு வேறு என்ன வேண்டும்?

ஒருவன் ஓடி வந்து, "அம்பலம், முயலு பூராம் நம்ம பழைய ஊருப் பக்கம் போகுது" என்றான்.

"போகட்டும்டா" என்றார் ஒச்சப்பன். "வேட்டைக்கு முன்னாடியே பயந்து ஓடுதுன்னா நம்ம பலம் அதுகளுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

அம்பலத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு சட்டமும் போட்டார்: எந்த இடத்திலும் வெளியாள் வேட்டைக்கு இறங்கினால் அவனுக்கு மொட்டை.

திருவிழாக் காலை வந்தது. வல்லக்குறிச்சித் தலைவர் கழுவன் ஆட்களோடும் நாய்களோடும் வந்தார். காடு இருந்த இடத்தில் சோறு கொதிப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வழி மாறிவிட்டோமோ என்று குழம்பினார். கழுவனுக்கு அம்பலம் மாமா முறை.

"என்ன மாமா இது?"

"இது எங்க இடம், மாப்ள. அடுப்பு எரியுதுல்ல? நாங்க இப்ப முள்ளிக்காட்டுக்காரங்க. நீ வெளியாளு. உள்ள வந்தா மொட்டை."

கழுவன் சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டையாட அங்கே ஆட்டுக்குட்டிகள்தான் இருந்தன.

"அப்ப பூசணிக்குளத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அங்க யாருக்கும் அடுப்பு கிடையாது."

"நாங்க அங்க போகலாமா?"

இது பெரிய கேள்வி. முள்ளிக்காட்டுக்காரர்கள் ஒதுங்கிப் போய் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அடுப்பு இல்லாத ஊருல எவன் உள்ளூரு? ஒருத்தனும் இல்ல" என்றார் ஒச்சப்பன். "உள்ளூர்க்காரனே இல்லாத இடத்துல வெளியாளுன்னு ஒருத்தனை எப்படிச் சொல்றது? நியாயம்னா நியாயந்தான்."

"தாராளமாப் போங்க மாப்ள" என்று அம்பலம் பெருந்தன்மையாகச் சொன்னார். "எங்க வீட்டு வாசப்படி ஒண்ணு உடைஞ்சிருக்கும். பாத்துக் கால வைங்க."

பிறகு முள்ளிக்காட்டுக்காரர்கள் வேட்டையைத் தொடங்கினார்கள். அடுப்புக்குப் பின்னால் தேடினார்கள். சாக்கு மூட்டைக்குள் தேடினார்கள். ஒருவன் தன் மாமியாரை எழுந்திருக்கச் சொல்லி அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தேடினான். வெயில் ஏறிவிட்டது. அம்பலத்தின் முகம் வாடிக்கொண்டே போனது.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரே ஒரு முயல் துள்ளி எழுந்தது. எல்லாரும் விரட்டினார்கள். முயல் நேரே பூசணிக்குளத்தைப் பார்த்து ஓடி, ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி, கைக்கெட்டும் தூரத்தில் நின்று காதைச் சொறிந்தது.

இவர்கள் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"அடிங்கடா!" என்று பின்னாலிருந்து வெள்ளையம்மா கத்தினாள்.

"எப்படி அடிக்கிறது? அது பூசணிக்குளம்" என்றார் அம்பலம். "அங்க நமக்கு ஏது அடுப்பு?"

"ஆனா கழுவனுக்கு இருக்கு போல" என்றார் ஒச்சப்பன்.

உண்மைதான். அம்பலம் வீட்டு முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி வல்லக்குறிச்சிக்காரர்கள் முயல் கறி வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கறி மணம் எல்லை பார்க்காமல் இந்தப் பக்கமும் வந்தது. கழுவன் கையில் ஒரு பெரிய முயலோடு எழுந்து வந்தார்.

"மாப்ள" என்றார் அம்பலம், கெஞ்சலாக. "அந்த ஒரு முயலை மட்டும் அடிச்சுக்கிறோமே. எனக்கு இது மூணாவது வருசம்யா."

"நாங்க உள்ளூர்க்காரங்க சொல்றோம், மாமா. வெளியாளு இங்க வேட்டையாடக் கூடாது."

அம்பலத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. இருந்தாலும் தலையை ஆட்டினார். "சட்டம்னா சட்டந்தான்" என்றார். அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். கைதட்டிய வேகத்தில் ஒருவனுடைய ஒரு கால் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு காலுக்கு எவ்வளவு மொட்டை என்று நெடுநேரம் விவாதித்து, கடைசியில் அவனுக்கு வலது பக்கம் மட்டும் வழித்துவிட்டார்கள். அந்த விவாதம் முடிவதற்குள் முயல் போய்விட்டது, கழுவனும் கோயிலுக்குப் போய்விட்டார்.

கோயிலில் எல்லாரும் கூடினார்கள். கழுவன் முயலை வாசலில் போட்டார்.

"எந்த ஊரு முயலு?" என்று பூசாரி கேட்டார்.

"வல்லக்குறிச்சி."

"பொய் சொல்லாத மாப்ள!" என்று அம்பலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கருப்பர் வாசல்ல நிக்கிற. இப்ப உன் அடுப்பு எங்க எரியுது?"

கழுவன் தலையைச் சொறிந்தார். "ஒங்க வீட்டு முத்தத்துல."

"எங்க வீடு எங்க இருக்கு?"

"பூசணிக்குளத்துல."

"அப்ப நீ பூசணிக்குளத்துக்காரன். சாமி, இது பூசணிக்குளத்து முயலு!"

ஜீப் அதிகாரி சொன்ன சட்டத்தை ஒச்சப்பன் எடுத்துச் சொன்னார். பூசாரிக்குக் காலையிலிருந்து விரதம். ஏதோ ஒன்று சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"சரிப்பா, பரிவட்டம் பூசணிக்குளத்துக்கு!" என்று துணியை எடுத்தார். "அம்பலம் மாயழகு, முன்னால வாங்க."

மேளம் முழங்கியது. மாயழகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, தலையைக் குனிந்து முன்னால் போனார். வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துணி அவர் நெற்றியைத் தொட்டது. தொட்டதும் மனிதர் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"சாமி, எங்க அடுப்பு முள்ளிக்காட்டுல இருக்கு. வெளியூர்க்காரன் நான் எப்படிப் பூசணிக்குளத்துப் பரிவட்டத்தைக் கட்டுறது?"

"அப்ப யாருக்குய்யா கட்டுறது?"

"இவருக்குத்தான்" என்று கழுவனின் தோளைப் பிடித்து அவரே முன்னால் தள்ளிவிட்டார்.

கழுவன் தலையைக் குனிந்து கொடுத்தார். பரிவட்டம் அவர் தலையில் ஏறியது. பூசணிக்குளம் ஜெயித்த சந்தோஷத்தில் நம்மவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கழுவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அரை மொட்டைக்காரன் எல்லாரையும்விட அதிகமாக ஆடினான். கழுவனை எல்லைக்கல் வரை கொண்டுபோய் இறக்கி, அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இவர்கள் இந்தப் பக்கமே நின்று கைகாட்டினார்கள்.

காட்டுக்குத் திரும்பும்போது அம்பலம் திடீரென்று நின்றார்.

"ஏப்பா ஒச்சப்பா, பூசணிக்குளம் ஜெயிச்சுச்சு. சரி. நாம எந்த ஊரு?"

"முள்ளிக்காடு."

"அப்ப நாம தோத்துட்டமா?"

ஒச்சப்பன் மூன்று பக்கமும் யோசித்துப் பார்த்தார். "ஆமா அம்பலம். பூசணிக்குளத்துக்காரன்கிட்டத் தோத்துட்டோம்."

மேளம் பாதியில் நின்றது. எல்லார் முகத்திலும் ரத்தம் ஏறியது. மாயழகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் பிறந்து வளர்ந்த ஊரைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"இந்தப் பூசணிக்குளத்துப் பயலுக புத்தியே இதுதான்டா. அடுத்த வருசம் ஒருத்தன் நம்ம காட்டுல கால் வைக்கட்டும், முழு மொட்டை!"