பேச்சியின் கசையடிக் கணக்கு

ஆஸ்தானக் கணிதப் பண்டிதர் சேஷாத்ரியின் ஏட்டில் பணிப்பெண் பேச்சி தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அரசர் மூன்று கசையடி விதித்தார். அன்று அரசரின் பிறந்தநாள் என்பதால், எந்தத் தண்டனையிலும் மூன்று அடி தள்ளுபடி.

பண்டிதர் துள்ளி எழுந்தார். "பண்டிதரை அவமதித்தால் தண்டனை இரட்டிப்பு, அரசே! மூன்றை இரட்டித்தால் ஆறு. மூன்று கழித்தாலும் மூன்று அடி உண்டு!"

பேச்சி பணிவாகக் கேட்டாள்: "முதல்ல கழிச்சிட்டு அப்புறம் இரட்டிச்சா ஆகாதுங்களா, சாமி?"

பண்டிதர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எதை முதலில் செய்தால் என்னடி? எல்லாம் ஒன்றுதான்!"

"மகாராசா, எல்லாம் ஒண்ணுன்னு சாமியே சொல்லிட்டாரு, முதல்ல கழிச்சிடுங்க."

அரசர் கழித்தார். மூன்றில் மூன்று போனால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை இரட்டித்தாலும் ஒன்றுமில்லை. காவலன் சாட்டையைச் சுருட்டினான்.

"வரிசை மாறினால் விடையும் மாறுமே!" என்று பண்டிதர் அலறினார்.

"இன்றைக்குத்தான் தெரிந்ததா?" என்றார் அரசர்.